கடற்கரை முதல் தாம்பரம் வரை: பயணப் பக்கம் எழுத வேண்டிய பாதை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் பயணப் பக்கத்தை வாரந்தோறும் விடாமல் படித்துவரும் வாசகன் என்ற உரிமையில் இக்கடிதத்தை எழுதுகிறேன். மலைவாழிடங்கள், அருவிகள், கடலோர விடுதிகள் என்று அப்பக்கத்தில் வரும் பரிந்துரைகள் நன்றாகவே எழுதப்படுகின்றன. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை நான்கு நாள் விடுப்பும் காரும் கையில் கொஞ்சம் பணமும் உள்ளவர்களுக்கே பயன்படுகின்றன. வாரத்தில் ஞாயிற்றுக்கிழமை ஒன்றே ஓய்வாகக் கிடைக்கும் கடை ஊழியர், வெளியூரிலிருந்து வந்து விடுதியில் தங்கி வேலை பார்க்கும் இளைஞர், பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது என்று தெரியாமல் வணிக வளாகத்திலேயே மாலைப் பொழுதைக் கழிக்கும் பெற்றோர் ஆகியோருக்கும் ஊர் பார்க்கும் ஆவல் உண்டு. அவர்களுக்காக அப்பக்கம் சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் செல்லும் மின்சார ரயில் பாதையைக் கையில் எடுக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

1931-இல் மின்மயமான அந்தப் பாதையில் நாள்தோறும் பயணம் செய்யும் மக்கள், அலுவலகத்தையும் கல்லூரியையும் மருத்துவமனையையும் மனத்தில் வைத்துக்கொண்டே ஏறி இறங்குகிறார்கள். நெரிசலில் நின்றுகொண்டு போகிறவர்களுக்குச் சன்னலுக்கு வெளியே என்ன கடந்து போகிறது என்று பார்க்க ஏது நேரம்? ஆயினும் அதே சீட்டை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏறினால், உலகின் எந்தப் பெருநகரத்தோடும் ஒப்பிடத்தக்க செறிவான வரலாறு நிலையத்துக்கு நிலையம் காத்திருக்கிறது என்பதை நான் உறுதியாகச் சொல்வேன்.

கடற்கரை நிலையத்தில் இறங்கி நடந்தே அடையக்கூடிய அரண்மனைக்காரத் தெருவில், இன்றும் ஆர்மீனியன் தெரு என்றே பலரும் சொல்லும் அத்தெருவில், தூய மரியன்னை பெயரிலான ஆர்மீனியத் தேவாலயம் இருக்கிறது. இப்போதுள்ள கட்டடம் 1772-ஐச் சேர்ந்தது. வாயிலைத் தாண்டியதும் பாரிமுனையின் இரைச்சல் குறைந்து, முற்றத்திலும் தாழ்வாரத்திலும் பதிக்கப்பட்ட கல்லறைக் கற்களில் ஆர்மீனிய எழுத்துகள் தெரியத் தொடங்கும். ஆறு மணிகள் கொண்ட மணிக்கூண்டு தேவாலயத்தோடு ஒட்டாமல் தனியாக நிற்கிறது. இங்கே பாதிரியாராக இருந்த ஹாருத்யூன் ஷ்மாவோனியன் 1794-இல் 'அஸ்தரார்' என்னும் இதழை இந்நகரில் அச்சிட்டு வெளியிட்டார். உலகில் ஆர்மீனிய மொழியில் வெளிவந்த முதல் இதழ் அதுதான். தாய்நாட்டில் அல்ல, அந்நாளில் கறுப்பர் நகரம் எனப்பட்ட நம் ஜார்ஜ் டவுனின் ஒரு தெருவில் ஒரு மொழியின் இதழியல் பிறந்தது என்பது, செய்தித்தாள் நடத்தும் தங்களுக்கு என்னைவிடக் கூடுதலாகப் பொருள்படும் செய்தியாக இருக்கும். அவருடைய கல்லறையும் அந்த வளாகத்திலேயே உள்ளது. அதே தெருவில் கச்சாலீசுவரர் கோயிலும் கத்தோலிக்கப் பேராலயம் ஒன்றும் இருப்பதால், ஒரு தெருவைப் பார்ப்பதற்கே ஒரு காலைப் பொழுது போதாது.

அந்த ஆர்மீனியர்களுள் ஒருவரைப் பின்தொடர்ந்து தெற்கே வந்தால் சைதாப்பேட்டை வருகிறது. கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்னும் பெருவணிகர் 1726-இல் அடையாற்றின் குறுக்கே தம் சொந்தப் பணத்தில் பாலம் கட்டினார். அந்தப் பழைய பாலம் இன்று இல்லை; அதனிடத்தில் மறைமலையடிகள் பாலம் நிற்கிறது. ஆனால் உஸ்கானின் கொடையைக் குறிக்கும் பழைய கல்வெட்டு மட்டும் பாலத்தின் வடமுனையில் எஞ்சியது. ஆற்றைக் கடக்க வழி செய்ததோடு அவர் நிற்கவில்லை. பரங்கிமலை மீது ஏறும் படிகளையும் அவரே அமைத்துக் கொடுத்தார். ஆற்றங்கரையில் தவித்து நின்ற பயணிகளுக்கும் மலையேறத் திணறிய அடியார்களுக்கும் ஒரு வெளிநாட்டு வணிகர் செய்த இந்த இரு உதவிகளையும் இரண்டு நிலைய இடைவெளியில் ஒருவர் ஒரே நாளில் பார்த்துவிடலாம். சைதாப்பேட்டையில் வண்டிகளின் நெருக்கடி மிகுதி என்பதால், கல்வெட்டைத் தேடிச் செல்பவர்கள் காலை நேரத்தில் செல்வதும், பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்வதும் நல்லது.

பரங்கிமலைக்கு வருவோம். இந்த ஒரு மலைக்காகவே தங்கள் பயணப் பக்கம் ஒரு வாரம் முழுவதையும் ஒதுக்கலாம். உச்சியிலுள்ள மாதா கோயில் 1523-இல் போர்த்துக்கீசியர் எழுப்பியது. பலிபீடத்தில் உள்ள கற்சிலுவை 1547-இல் நிலத்தைத் தோண்டும்போது கிடைத்தது. அதைச் சுற்றிலும் பாரசீகத்தின் பழைய பஹ்லவி எழுத்துகள் செதுக்கப்பட்டுள்ளன. போர்த்துக்கீசியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இக்கடற்கரையில் பாரசீகத் தொடர்புடைய கிறித்தவர்கள் வாழ்ந்தார்கள் என்பதற்கு அந்த எழுத்துகளைவிட வேறு சான்று தேவையில்லை. வழிபாட்டுக்காக வருவோர் இதையெல்லாம் அறிந்தே வருகிறார்கள். ஆனால் அம்மலைக்கு இன்னொரு பெருமை உண்டு; அதை அறிந்து மலையேறுபவர்கள் மிகக் குறைவு.

1802 ஏப்ரல் 10 அன்று, வில்லியம் லாம்ப்டன் என்னும் படை அதிகாரி இம்மலையின் அடிவாரத்தில் ஓர் அளவுச் சங்கிலியை விரித்தார். நூறு அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி அது. சித்திரை வெயிலில் எஃகு நீளும். நீளம் ஓர் அங்குலத்தில் சிறு பகுதி மாறினாலும் பின்னால் செய்யும் கணக்கெல்லாம் பிசகும். எனவே சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, வெப்பமானிகளை அருகே வைத்து, வெப்பத்துக்கேற்ப நீளத்தைத் திருத்திக் கணக்கிட்டபடி, பரங்கிமலை அடிவாரத்திலிருந்து பெரும்பாக்கம் குன்று வரை ஏறக்குறைய ஏழரை மைல் தொலைவை அளந்தார்கள். அந்த ஒரு நேர்கோடுதான் இந்திய மாபெரும் முக்கோணவியல் நில அளவையின் அடிக்கோடு. ஒரு பக்கத்தின் நீளம் திட்டமாகத் தெரிந்துவிட்டால், கோணங்களை மட்டும் அளந்து மற்ற இரு பக்கங்களையும் கணக்கிட்டுவிடலாம் என்பது பள்ளியில் நாம் படிக்கும் பாடம். அந்தப் பாடத்தை ஒரு துணைக்கண்டத்தின் அளவுக்கு விரித்துக்கொண்டு போனார்கள். முக்கோணத்தின் மேல் முக்கோணமாகத் தெற்கே குமரி முனைக்கும் வடக்கே இமயத்துக்கும் அந்த அளவை வளர்ந்தது. 1856-இல் எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் 29,002 அடி என்று அறிவிக்கப்பட்டபோது, அந்தக் கணக்கின் வேர் நம் பரங்கிமலை அடிவாரத்தில் இருந்தது. லாம்ப்டன் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. வேலை முடியாத நிலையிலேயே, 1823-இல், ஹிங்கன்காட் என்னும் ஊரில் அவர் இறந்தார். அவருடைய மார்பளவுச் சிலை ஒன்று இன்று மலைமேல் இருக்கிறது.

சிலையைப் பார்த்துவிட்டு, தென்கிழக்கே பெரும்பாக்கம் இருக்கும் திசையைப் பார்க்குமாறு பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும். இடையே இன்று வீடுகளும் அடுக்குமாடிகளும் பள்ளிக்கரணைச் சதுப்பும் இருக்கின்றன. அந்த நேர்கோட்டை மனத்தால் போட்டுப் பார்க்கும் பிள்ளைக்கு முக்கோணவியல் மேல் இருக்கும் அச்சம் சற்றேனும் குறையும் என்று நான் நம்புகிறேன். மேற்கே விமான நிலையத்தின் ஓடுபாதையில் வந்திறங்கும் விமானங்களைக் காணலாம் என்பதால், கணக்கில் ஈடுபாடில்லாத பிள்ளைக்கும் ஏமாற்றம் இருக்காது.

லாம்ப்டனின் அடிக்கோட்டுக்கும் நுங்கம்பாக்கத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு. கல்லூரிச் சாலையில் வானிலை ஆய்வு மையம் இருக்கும் வளாகத்தில், கிழக்கிந்தியக் கம்பெனி 1792-இல் அமைத்த மதராஸ் வானாய்வகத்தின் கருங்கல் தூண் இன்னும் நிற்கிறது. பதினைந்து அடி உயரமும் பத்து டன் எடையும் கொண்ட அத்தூண், வான்நோக்கும் கருவியை அசையாமல் தாங்குவதற்காக நடப்பட்டது. அதில் கட்டடக் கலைஞர் மைக்கேல் டாப்பிங்கின் பெயரும், இலத்தீனிலும் நம் நாட்டு மொழிகளிலும் செதுக்கிய வாசகங்களும் உள்ளன. அவற்றுள் தமிழும் ஒன்று. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் வருவோரும் அறிய வேண்டும் என்று கருதி அதை எழுதினார்கள். 250 ஆண்டுகள்கூட ஆகாத நிலையில், அதே சாலையில் நாள்தோறும் செல்லும் நம்மில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

இந்திய நில அளவையில் நெடுங்கோடுகளை, அதாவது தீர்க்கரேகைகளைக் கணக்கிட இந்த வானாய்வகமே தொடக்கப் புள்ளியாக இருந்தது. நாட்டுக்கு ஒரே நேரம் என்று 1906-இல் ஏற்படுவதற்கு முன்பு, இங்கே கணக்கிட்ட மதராஸ் நேரத்தைக் கொண்டுதான் இந்திய ரயில்கள் நெடுங்காலம் ஓடின. 1861-இல் நார்மன் போக்சன் இங்கிருந்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு ஆசியா என்றே பெயரிட்டார். அவருடன் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். இவற்றுக்கெல்லாம் முன்பே, வானாய்வகத்தின் முதல் வானியலரான ஜான் கோல்டிங்காம் ஓர் அருமையான சோதனை செய்திருந்தார். புனித ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் நாள்தோறும் பீரங்கி சுடுவது வழக்கம். வெடியின் ஒளி தெரிந்த கணத்துக்கும் ஓசை கேட்ட கணத்துக்கும் இடைப்பட்ட நேரத்தை வானாய்வகத்தில் அளந்து, ஒலியின் வேகம் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் காற்றுக்கும் ஏற்ப எப்படி மாறுகிறது என்று அவர் பதிவு செய்து 1823-இல் வெளியிட்டார். கோட்டை, நுங்கம்பாக்கம், பரங்கிமலை ஆகிய மூன்றுமே நம் மின்சார ரயில் பாதையில் உள்ள நிலையங்கள். மூன்றையும் ஒரே நாளில் பார்த்தவர், அந்தச் சோதனை நடந்த வெளியின் குறுக்கே தாமே பயணம் செய்திருப்பார்.

தூண் இருப்பது அரசு அலுவலக வளாகம் ஆதலால், வாயிலில் கேட்டு அனுமதி பெற்றே உள்ளே செல்ல முடியும். மாதத்தில் ஒரு சனிக்கிழமையாவது குறிப்பிட்ட நேரத்தில் பொதுமக்கள் வந்து தூணைப் பார்த்துச் செல்ல வழி செய்யுமாறு சம்பந்தப்பட்டவர்களைத் தங்கள் தலையங்கத்தின் வாயிலாகக் கேட்டுக்கொள்ள வேண்டுகிறேன். பெரிய செலவு ஏதும் பிடிக்காத ஏற்பாடு இது.

பரங்கிமலையைத் தாண்டினால் திரிசூலம். விமான நிலையத்துக்கு எதிரே நிற்கும் அந்தச் சிறிய நிலையத்தில் இறங்கிக் குன்றுகளை நோக்கி நடந்தால், சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ள திரிசூலநாதர் கோயிலை அடையலாம். பல்லாவரத்திலிருந்து பேருந்தில் சென்றால் திருமங்கையாழ்வார் பாடிய திருநீர்மலையும், சேக்கிழார் பிறந்த குன்றத்தூரும் தொலைவில்லை. இவற்றைப் பற்றி ஆன்மிகப் பக்கங்களில் நிறைய எழுதப்பட்டிருப்பதால் நான் விரிக்கவில்லை.

பல்லாவரத்தைப் பற்றித்தான் விரித்துச் சொல்ல வேண்டும். 1863 மே 30 அன்று, நிலவியல் அளவைத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரம் படை மைதானத்தின் அருகே சரளைக்கல் தோண்டிய பள்ளத்தில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். மனிதக் கை தட்டிச் செதுக்கிய கைக்கோடரி என்று அதை அவர் அடையாளம் கண்டுகொண்டார். ஐரோப்பாவில் அத்தகைய கற்கருவிகளின் தொன்மையை அறிஞர்கள் ஏற்றுக்கொண்டு நான்கே ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. இந்தியாவின் வரலாற்றுக்கு முந்தைய காலத்தைப் பற்றிய ஆய்வு பல்லாவரத்தில் அந்த நாளில்தான் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் கொசஸ்தலையாற்றுப் படுகையிலுள்ள அத்திரம்பாக்கத்தையும் ஃபூட் கண்டார். அங்கே அண்மைக் காலத்தில் நடந்த அகழாய்வுகள், அவ்விடத்துக் கற்கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று காட்டியுள்ளன. ஃபூட் திரட்டிய தொல்பொருள்கள் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. எழும்பூரும் இதே பாதையில் உள்ள நிலையமே. முதலில் அருங்காட்சியகத்துக்குச் சென்று கற்கருவிகளைக் கண்ணால் பார்த்துவிட்டு, அதன் பிறகு பல்லாவரம் சென்று அந்தச் செம்மண்ணையும் சரளைக்கல்லையும் பார்க்க வேண்டும் என்பது என் பரிந்துரை. இந்த வரிசை மாறினால் பல்லாவரத்தில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று தோன்றிவிடும். ஃபூட்டின் நினைவுக்கல் ஏற்காட்டுத் தேவாலயம் ஒன்றில் உள்ளது. ஏற்காடு பற்றித் தங்கள் பக்கம் அடுத்த முறை எழுதும்போது அதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்.

பல்லாவரத்தின் குன்றுச் சரிவில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயில் ஒன்றும் இருக்கிறது. பாறையில் ஐந்து கருவறைகள், தூண்கள், பல்லவ மன்னனின் விருதுப் பெயர்களைச் சொல்லும் கல்வெட்டு. ஏழாம் நூற்றாண்டின் அக்குகை இன்று ஒரு தர்காவாக விளங்குகிறது. பல தலைமுறைகளாக அங்கே தொழுது வருபவர்கள் அதைத் தம் இடமாகப் பேணி வருகிறார்கள். அங்கே செல்பவர் காலணியைக் கழற்றிவிட்டு, பொறுப்பில் இருப்பவரிடம் வணக்கம் சொல்லி, உள்ளே வரலாமா என்று கேட்டு, அவர் சரியென்ற பிறகே நுழைய வேண்டும். படம் எடுப்பதற்குத் தனியே கேட்க வேண்டும். தொழுகை நேரமும் விழா நாளும் வேடிக்கை பார்ப்பதற்கு ஏற்றவை அல்ல. அந்த இடம் யாருடையது என்று வழக்குப் பேசும் நோக்கத்தோடு யாரும் அங்கே போக வேண்டாம் என்பதையும் தங்கள் பக்கம் தெளிவாக எழுதினால் நன்றாக இருக்கும்.

இங்கே ஒரு முறையீடும் உண்டு. இப்போதெல்லாம் பயணக் காணொளிகளும் கட்டுரைகளும் 'யாருக்கும் தெரியாத இடம்' என்றே தொடங்குகின்றன. பல்லாவரம் தர்காவைச் சுற்றி ஆயிரக்கணக்கானோர் வாழ்கிறார்கள். பரங்கிமலைப் படிகளில் முழந்தாளிட்டு ஏறும் பாட்டிமார்கள் இருக்கிறார்கள். அவர்களெல்லாம் யாருமே இல்லையா? புதிதாகச் செல்பவருக்குத் தெரியாது என்பதனால் ஓர் இடம் மறைந்து கிடந்ததாகிவிடாது. அந்த ஆரவாரத்தைக் கேட்டுக் கூட்டமாகச் செல்பவர்கள் பாறையில் பெயர் கிறுக்குவதையும் பாட்டிலை வீசிவிட்டு வருவதையும் நான் கண்டு வருந்தியிருக்கிறேன். அவ்விடத்து மக்களை விருந்தோம்புபவர்களாகவும், நம்மை விருந்தினராகவும் கருதி எழுதப்படும் பரிந்துரை, செல்பவரின் நடத்தையையும் சேர்த்தே திருத்தும்.

பரிந்துரைக்கும்போது தங்கள் கட்டுரையாளர்கள் சில விவரங்களைத் தவறாமல் தர வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். எந்த நிலையத்தில் எந்தப் பக்கம் இறங்குவது, அங்கிருந்து எவ்வளவு நேரம் நடக்க வேண்டும், வழியில் நிழல் உண்டா, மூட்டு வலியுள்ளவர் படியேறாமல் மேலே செல்ல மாற்று வழி உண்டா, பெண்கள் பயன்படுத்தத் தக்க கழிப்பறை எங்கே உள்ளது, எந்தக் கிழமையில் கதவு அடைத்திருக்கும் என்பனவெல்லாம் தெரியாமல் அழகான வருணனையை மட்டும் நம்பிக் கிளம்பும் குடும்பம் பாதி வழியில் திரும்பிவிடும். பரங்கிமலை உச்சிக்கு வண்டி செல்லும் சாலை உண்டு என்ற ஒரு வரி, எத்தனையோ முதியவர்களை வீட்டிலிருந்து கிளப்பும். ஆர்மீனியத் தேவாலயத்துக்குக் காலை நேரமே உகந்தது என்ற ஒரு வரி, வெயிலில் வந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பும் ஏமாற்றத்தைத் தவிர்க்கும்.

நிலையங்களிலும் செய்ய வேண்டியது உண்டு. பல்லாவரம் நிலையத்தில் இறங்குபவருக்கு 1863-ஐ நினைவூட்டும் தமிழ்ப் பலகை ஒன்று, பரங்கிமலை நிலையத்தில் அடிக்கோட்டின் வரைபடம் ஒன்று, நுங்கம்பாக்கத்தில் மதராஸ் நேரத்தைப் பற்றிய நான்கு வரிகள் ஆகியவற்றை வைப்பதற்கு ரயில்வே துறையும் தொல்லியல் துறையும் மாநகராட்சிகளும் கலந்து பேசினால் போதும். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட இராயபுரம் நிலையத்துக்கும் இத்தகைய பலகை வேண்டும். அந்த நிலையம் இப்பாதையில் இல்லை என்றாலும், கடற்கரை நிலையத்திலிருந்து மிக அருகில்தான் இருக்கிறது.

வருகிற மே 30-ஆம் நாளுக்குள் பல்லாவரம் பற்றி மேற்சொன்ன விவரங்களோடு ஒரு முழுப்பக்கக் கட்டுரையைத் தாங்கள் வெளியிட்டால், அந்த நாளில் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் அங்கிருந்து பல்லாவரத்துக்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்ல எங்கள் பகுதியில் பல பெற்றோர் ஆயத்தமாக இருக்கிறார்கள். அது கோடை விடுமுறைக் காலம் என்பதால் பள்ளி தடையாக இராது.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
குரோம்பேட்டை